பத்ரா ஆற்று மட்டிக்குச் சொந்தம் யார்?

குழந்தைகளே, ஏரியிலோ வயல் வாய்க்காலிலோ சேற்றுக்குள் பாதி புதைந்து கிடக்கும் மட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு ஓடுகள், நடுவே மெத்தென்ற உடல். தொட்டால் போதும், பட்டென்று மூடிக்கொள்ளும். இதற்கு நன்னீர் மட்டி என்று பெயர். தலை கிடையாது. நாக்கைப் போன்ற ஒரே ஒரு காலால் சேற்றை உழுதுகொண்டு மெல்ல நகரும். உலகம் முழுவதும் ஏறக்குறைய 950 வகை நன்னீர் மட்டிகள் இருக்கின்றன.

கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து ஓடும் பத்ரா ஆற்றிலும் ஒரு மட்டி உண்டு. ஆனால் அது சேற்றில் நகராது. குட்டியாக இருக்கும்போதே ஒரு ஓட்டைப் பாறையோடு சிமென்ட் பூசியதுபோல ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஆயுள் முழுக்க அதே இடம்தான்! பாறையின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கோணல் மாணலாக வளரும். மழைக்காலத்தில் மலையாறு எவ்வளவு வேகமாகப் பாயும் என்பது உங்களுக்குத் தெரியும். அடித்துச் செல்லப்படாமல் இருக்க அது கண்டுபிடித்த வழி இது.

1898ஆம் ஆண்டு, அப்போதைய மைசூர் நாட்டிலிருந்து இந்த மட்டி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பிரிட்டிஷ் மியூசியத்தில் எட்கர் ஸ்மித் என்ற விஞ்ஞானி அதைப் பார்த்து வியந்துபோனார். ஏன் தெரியுமா? இதேபோலப் பாறையில் ஒட்டி வளரும் மட்டி ஒன்று தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், மக்தலேனா ஆற்றில் இருந்தது. அதற்கு முல்லேரியா என்று பெயர் வைத்திருந்தார்கள். உடலுக்குள்ளும் ஒற்றுமை இருந்தது. சாதாரண மட்டிக்கு ஓட்டை மூட இரண்டு தசைகள் உண்டு. இந்த இரண்டு மட்டிகளுக்கும் வளர்ந்த பிறகு ஒன்றுதான் மிஞ்சும். எனவே ஸ்மித், பத்ரா ஆற்று மட்டியையும் முல்லேரியா குடும்பப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டார்.

ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் பாறையில் ஒட்டும் மட்டி உண்டு. ஈத்தீரியா என்பது அதன் பெயர். ஆக, மூன்று கண்டங்களில் மூன்று ஒட்டு மட்டிகள். நடுவிலோ மாபெரும் கடல்கள்! நன்னீர் மட்டியால் உப்புக் கடலைக் கடக்க முடியாதே. பிறகு எப்படி?

இதற்கு ஓர் அழகான விடை இருந்தது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா மூன்றும் முன்பு கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக ஒட்டிக் கிடந்தன. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அது உடையத் தொடங்கியது. அப்போது ஒரே குடும்பத்து மட்டிகள் ஆளுக்கொரு துண்டில் ஏறிப் பிரிந்து போயிருக்கலாம் அல்லவா? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 1907இல் ஆந்தோனி என்பவர் மட்டும், இந்திய மட்டி கொலம்பியா மட்டியிலிருந்து வேறுபட்டது என்று சொல்லி, அதற்கு 'சூடோமுல்லேரியா' என்று தனிப்பெயர் சூட்டினார். 'பொய் முல்லேரியா' என்று அதற்கு அர்த்தம்!

யார் சொன்னது சரி? ஓட்டை மட்டும் பார்த்துச் சொல்வது கஷ்டம். மட்டியின் ஓடு ஆளை ஏமாற்றும். ஒரே வகை மட்டி ஓடும் ஆற்றில் ஒரு வடிவத்திலும், தேங்கிய குளத்தில் இன்னொரு வடிவத்திலும் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பூர்கினா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஓடு கொஞ்சம் மாறியிருந்தாலே புது இனம் என்று நூற்றுக்கணக்கில் பெயர் வைத்துத் தள்ளினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அவற்றையெல்லாம் அடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது!

ஒரே சீருடை அணிந்து நிற்பவர்கள் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா? வீட்டு ரேஷன் கார்டைப் பார்த்தால்தானே தெரியும்! உயிர்களுக்கு அப்படி ஒரு கார்டுதான் டி.என்.ஏ. அதில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே நான்கு எழுத்துகள், மாறி மாறி நீளமாக எழுதப்பட்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக நகல் எடுக்கும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும். பிரிந்து நெடுங்காலம் ஆன உறவு என்றால் நிறைய எழுத்துகள் மாறியிருக்கும். அண்மையில் பிரிந்தவை என்றால் கொஞ்சம்தான். மட்டி ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்து, வரிசையாக அடுக்கி ஒப்பிடுகிறார்கள். கணினி அதை வைத்து உறவு மரம் ஒன்றை வரைந்து தரும். முன்பெல்லாம் இதற்காக மட்டியின் சதையை வெட்டி எடுப்பார்கள். இப்போது பஞ்சுக் குச்சியால் உடலை மெல்லத் தடவினாலே போதும். மட்டியைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடலாம்.

ஆர்தர் போகன், வால்டர் ஹோ என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று ஒட்டு மட்டிகளின் டி.என்.ஏ.வையும் படித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பத்ரா ஆற்று மட்டி மற்ற இரண்டோடும் சேரவே இல்லை! மரத்தில் அது போய் உட்கார்ந்த கிளை எது தெரியுமா? யூனியானிடே. நம் ஏரியிலும் வாய்க்காலிலும் கிடக்கிறதே, அந்தச் சாதாரண மட்டியின் குடும்பம்! கொலம்பியா மட்டியும் ஆப்பிரிக்க மட்டியும் மரத்தின் வேறொரு பக்கத்தில் இருந்தன.

அப்படியானால் பாறையில் ஒட்டும் பழக்கம் ஒருமுறை தோன்றி மூன்று கண்டங்களுக்குப் பரவவில்லை. ஒரே மாதிரியான வாழ்க்கை, வேறு வேறு குடும்பங்களை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. சுறா மீன், டால்பின் பாலூட்டி. ஆனாலும் நீந்தி நீந்தி இரண்டுக்கும் ஒரே உடலமைப்பு வந்துவிட்டதல்லவா? அதுபோலத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. பல நன்னீர் மட்டிகளிலோ, மகள் அம்மாவுடையதைப் பெறும். மகன் அம்மாவுடையதையும் அப்பாவுடையதையும் பெறும்! அப்பா வழியாக வந்தது ஆண் மட்டியின் இனப்பெருக்க உறுப்பில் இருக்கும். இரண்டு வழிகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தனித்தனியே மாறி வந்ததால் அவற்றுக்குள் ஏகப்பட்ட வேறுபாடு. விவரம் தெரியாமல் ஒரு மட்டியின் அம்மா வழியையும் இன்னொன்றின் அப்பா வழியையும் ஒப்பிட்டால், கூடப் பிறந்தவை இரண்டையும் வேறு வேறு இனம் என்று சொல்லிவிடுவோம். அதனால்தான் உடலின் எந்தப் பகுதியிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது என்பதில் அவ்வளவு கவனம்.

"இதெல்லாம் தெரிந்து என்ன சார் ஆகப்போகிறது?" என்று கடைசி பெஞ்சில் ஒரு குரல் கேட்கிறதே! நல்ல கேள்வி. அதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும்.

வட அமெரிக்காவில் சுமார் 300 வகை நன்னீர் மட்டிகள் உண்டு. அணைகளாலும் அழுக்குத் தண்ணீராலும் அவை வேகமாக அழிந்து வருகின்றன. 2023இல் மட்டும் எட்டு வகை மட்டிகள் அடியோடு அழிந்துவிட்டதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், எது தனி இனம், எது எந்த ஆற்றில் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே.

டெக்சாசில் 'பிம்பிள்பேக்' என்றொரு மட்டி. முதுகில் முகப்பரு போன்ற மேடுகள் இருப்பதால் அந்தப் பட்டப்பெயர்! டெக்சாஸ் பிம்பிள்பேக் என்ற வகை கொலராடோ ஆற்றிலும் குவாடலூப் ஆற்றிலும் இருப்பதாக எண்ணியிருந்தார்கள். (அட்லசில் பெரிய பள்ளத்தாக்கோடு பார்ப்பீர்களே, அந்தக் கொலராடோ வேறு. இது டெக்சாசுக்குள்ளேயே ஓடுவது.) டி.என்.ஏ.வைப் பார்த்தால் இரண்டு ஆற்றிலும் இரண்டு வேறு இனங்கள்! அதில் வியப்பில்லை. குட்டி மட்டிகள் முதலில் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்யும். இந்த ஆறுகளோ தனித்தனியாகக் கடலில் கலக்கின்றன. இந்த ஆற்று மீன் கடலைத் தாண்டி அந்த ஆற்றுக்குப் போவதில்லை. எனவே மட்டியும் போவதில்லை. குவாடலூப் ஆற்று மட்டிக்கு 2018இல் தனிப்பெயர் கிடைத்தது. ஒரே இனம் இரண்டு ஆற்றில் இருந்தால் ஓர் ஆறு கெட்டாலும் இன்னோர் ஆறு கைகொடுக்கும். ஆற்றுக்கு ஓர் இனம் என்றால் அந்தத் தைரியம் இல்லை. 2024 ஜூன் மாதம் இரண்டையுமே அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அரசு பட்டியலில் சேர்த்தது.

அதே குவாடலூப் ஆற்றில் 'கோல்டன் ஆர்ப்', அதாவது தங்கப் பந்து என்ற அழகிய மட்டியும் உண்டு. அரிய இனம் என்று எண்ணி, பாதுகாப்புக்கான காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2018இல் வெளியான டி.என்.ஏ. ஆராய்ச்சி, அது தனி இனமே அல்ல, அமெரிக்காவின் பல ஆறுகளில் கிடைக்கும் சாதாரண பிம்பிள்பேக்தான் என்று சொல்லிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் இருந்து அதன் பெயர் போயிற்று. புத்தகங்களில் தங்கப் பந்து இருந்த இடத்தில் இப்போது பிம்பிள்பேக்!