வழி சொல்லும் கைப்பேசி

ஒருவர் காசிக்குப் போகிறார். ஊர் புதிது. பாஷையும் தெரியாது. விடுதி வாசலில் நிற்கும் ரிக்‌ஷாக்காரரிடம், "கங்கைக் கரை எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறார். "ரொம்பத் தூரம்" என்று பதில் வருகிறது. கேட்ட கூலியைக் கொடுத்து ஏறி உட்காருகிறார். முன்பு இப்படித்தான் நடந்தது.

இன்று அவர் கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதில் கூகுள் மேப்ஸ் என்ற செயலி இருக்கிறது. போக வேண்டிய படித்துறையின் பெயரை எழுதுகிறார். வரைபடம் வருகிறது. நடக்கும் மனிதர் படத்தைத் தொடுகிறார். நடந்தால் கால் மணி நேரம் என்று காட்டுகிறது. "இவ்வளவுதானா!" என்று நடக்கத் தொடங்குகிறார்.

நாம் நிற்கும் இடம் போனுக்கு எப்படித் தெரிகிறது? சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது 4 கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும். அது வந்து சேரும் நேரத்தை வைத்து, போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். இதற்கு இணையம் தேவையில்லை. வரைபடத்துக்குத்தான் இணையம் வேண்டும். அதையும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காசியின் சந்துகள் லேசுப்பட்டவை அல்ல. இருபுறமும் உயரமான வீடுகள். சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். நாம் ஒரு சந்தில் நிற்போம். போனில் உள்ள நீலப் புள்ளி பக்கத்துச் சந்தில் நிற்கும்! அப்போது டீக்கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் கங்கை பெருகினால் படித்துறைகள் முழுகிவிடும். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கரையோரமாக நடக்க முடியாது. செயலிக்கு இது தெரியாமல் போகலாம். குறுக்கு வழியில் இரவில் விளக்கு எரியுமா என்பதும் அதற்குத் தெரியாது. தனியாகச் செல்லும் பெண்ணுக்கு அதுதானே முக்கியம்?

சைக்கிளுக்கும் வழி பிறந்திருக்கிறது. மைசூரில் 2017-இல் 'டிரிண் டிரிண்' என்ற வாடகைச் சைக்கிள் திட்டம் வந்தது. ஓரிடத்தில் எடுத்து, வேறிடத்தில் விடலாம். சில ஊர்களில் சைக்கிளில் ஒட்டியுள்ள சதுரக் கட்டத்தைப் போனால் படம் பிடித்தால் பூட்டுத் திறந்துகொள்ளும்.

செயலி நம்மை எப்போதும் நடக்க வைக்குமா? 2016-இல் 'போக்கிமான் கோ' என்ற போன் விளையாட்டு வந்தது. தெருத்தெருவாக நடந்தால்தான் விளையாட முடியும். அமெரிக்க இளைஞர்களிடம் கணக்கெடுத்தார்கள். முதல் வாரம் தினமும் 955 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிட்டார்கள்.

நடப்பவர் கூடினால் ரிக்‌ஷாக்காரரின் கூலி குறையும். இது உண்மையான கஷ்டம். தெருவோரக் கடைகளுக்கோ வியாபாரம் உண்டு. ஆனால் வரைபடத்தில் பெயர் உள்ள கடையைத்தான் வெளியூர்க்காரர் தேடி வருகிறார். கடைக்காரரே தம் கடைப் பெயரையும் திறக்கும் நேரத்தையும் எழுதிச் சேர்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.