பத்தாயிரம் அடி ஆழத்தில் ஒரு கணக்கு

ஜுஹூ விமானத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் கடலை நோக்கிக் கிளம்புவது அந்தேரி, விலே பார்லே வட்டாரத் தமிழர்களுக்குப் பழகிப்போன காட்சி. மும்பைக் கரையிலிருந்து சுமார் 160 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள 'பம்பாய் ஹை' எண்ணெய் வயலுக்கு ஊழியர்கள் அவற்றில்தான் போகிறார்கள். 14 நாள் நடுக்கடலில் வேலை. 14 நாள் வீட்டில் ஓய்வு. 1974-ல் 'சாகர் சாம்ராட்' என்னும் துரப்பண மேடை அங்கே எண்ணெய் கண்டது; 1976 மே மாதம் உற்பத்தி தொடங்கிற்று. கை நிறையச் சம்பளம் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்க ஆசைப்படும் குமாஸ்தாக்கள் பலர் உண்டு. ஆனால் அதில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டால், "பூமியில் துளை போடுவது" என்பதற்கு மேல் பதில் வருவதில்லை.

துளை போடுவது தமிழனுக்குப் புதிதா என்ன? திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் போகாத மாநிலம் அரிது. ஆனால் ஒரு வித்தியாசம். போர் போடும்போது தண்ணீர் பீறிட்டு மேலே வந்தால் வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார். எண்ணெய்க் கிணற்றைத் துளைக்கும்போது உள்ளிருந்து எதுவும் தானாக மேலே வரவே கூடாது. வந்தால் உயிருக்கு ஆபத்து.

அதைத் தடுப்பது முதலில் சேறுதான். 'மட்' என்று ரிக்கில் சொல்லப்படும் இந்தக் குழம்பு, துளையிடும் குழாய் வழியே இறங்கி, அரைபட்ட பாறைத் தூளை வாரிக்கொண்டு மேலே வருகிறது. அதைவிட முக்கியம், அதன் எடை. 10,000 அடி ஆழத்தில் சாதாரணத் தண்ணீர் சதுர அங்குலத்துக்கு 4,330 பவுண்டு அழுத்தம் தரும். அங்கே அடைந்து கிடக்கும் வாயுவின் அழுத்தம் 4,900 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் தோற்றுவிடும். அமெரிக்க காலனுக்கு 10 பவுண்டு எடையுள்ள சேறு 5,200 பவுண்டு தரும், வாயு அடங்கும். எடை கூட்டுவதற்கு பாரைட் என்னும் கனிமத்தைப் பொடித்துக் கலக்கிறார்கள். ஆந்திரத்து மங்கம்பேட்டையில் அது ஏராளம்.

அப்படியானால் எடையைக் கூட்டிக்கொண்டே போகலாமே? அங்கேதான் சிக்கல். இன்னும் ஆழத்தில் 14 பவுண்டு சேறு தேவைப்படுகிறது என்று கொள்வோம். அதே சேறு 3,000 அடியில் 2,184 பவுண்டு அழுத்தும். அங்குள்ள பாறை 2,000 பவுண்டிலேயே விரிசல் விடுமானால், சேறு முழுவதும் அந்த விரிசலில் ஓடிவிடும். சேற்று மட்டம் இறங்கும். கீழே வாயு தலை தூக்கும். ஆகவே மேல் பகுதிக்கு முதலில் இரும்புக் குழாய் இறக்கி, சிமெண்டால் பூசி மூடிவிட்டு, அதற்குள் சிறிய துளையாகக் கீழே போக வேண்டும். 20 அங்குலக் குழாய், அதற்குள் 13⅜, அதற்குள் 9⅝, கடைசியில் 7 என்று அடுக்குப் பாத்திரம் போலப் போகும். எத்தனை குழாய், எந்த ஆழத்தில் என்று தீர்மானிப்பதே கிணற்று வடிவமைப்பு. துளைப்பது மேலிருந்து கீழே. கணக்குப் போடுவது கீழிருந்து மேலே. ஒரு குழாயைக் குறைத்தால் பெரும் பணம் மிச்சம்; இந்தச் சபலத்தை அடக்கத் தெரிவதும் இஞ்சினீயரின் வேலை.

மேல்நிலைப் படிப்பில் மாணவர்கள் ஆராயும் விபத்துகளில் ஒன்று மெக்ஸிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20-ல் நடந்தது. துளைத்து முடித்தாகிவிட்டது, சிமெண்டும் போட்டாகிவிட்டது. சிமெண்டு பிடித்ததா என்று சோதித்தபோது துளைக்குழாய் மானி பூஜ்யம் காட்ட வேண்டும்; 1,400 பவுண்டு காட்டியது. அதற்கு ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அன்றிரவே மேடை வெடித்தது. 11 பேர் மாண்டனர். 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. நம் நாட்டிலும் 1995 ஜனவரியில் கோதாவரி வட்டாரத்துப் பாசர்லபூடியில் பீறிட்டு எரிந்த கிணறு அடங்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. 2020-ல் அஸ்ஸாமின் பாக்ஜானில் தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர்.

பிளஸ் டூவில் கணிதம், பௌதிகம், ரசாயனம் படித்தவர் சேரலாம். தன்பாத்தில் 1926-ல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி 2016-ல் ஐ.ஐ.டி. ஆன கழகத்தில் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். அங்கே மேற்பட்டத்துக்கு 'கேட்' தேர்வு. மெக்கானிக்கல் படித்தவர்களும் துரப்பணப் பிரிவில் எடுக்கப்படுவதுண்டு. எனவே, நகையை அடகு வைத்து ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் 'பெட்ரோலியம்' என்ற பெயருக்காகச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் யோசிப்பது நல்லது. எண்ணெய் விலை 2014-ன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே விழுந்தது. அப்போது உலகெங்கும் ரிக்குகள் நின்றன. பட்டதாரிகள் காத்துக் கிடந்தார்கள்.

வேலை கிடைத்தாலும் படிப்பு தீர்வதில்லை. ரிக்கில் பொறுப்பு வகிப்பவர்கள் கிணற்றை அடக்கும் பயிற்சியை இரண்டாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். டேராடூனிலுள்ள துரப்பணத் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடங்களில், மாதிரி யந்திரத்தின் முன் நிறுத்தி, முன்னறிவிப்பில்லாமல் 'வாயு' ஏற விடுவார்கள். தலை நரைத்த அனுபவசாலியும் அந்தப் பரீட்சையில் தேறினால்தான் மறுபடி பொறுப்பேற்க முடியும்.