முழு செட் வாங்காதீர்கள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் எட்டு ஸ்பேனர் கொண்ட செட் ஒன்று. பைக் வாங்கிய புதிதில் ஆசையாக வாங்கியது. 6-7இல் தொடங்கி 20-22 வரை எண் போட்டிருக்கும். போன ஆயுத பூஜைக்கு அவற்றைத் துடைத்துச் சந்தனம் வைக்கும்போதுதான் கவனித்தேன். 10-11, 12-13, 16-17 மூன்றும் கைபட்டுக் கைபட்டுப் பளபளக்கின்றன. மற்ற ஐந்தில் கடையிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கே இன்னும் போகவில்லை. அதன்மேல் தூசி வேறு படிந்திருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பைக்கின் சின்னச் சின்ன இடங்களில் வருவது பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட். அதன் தலைக்கு 10ஆம் நம்பர் ஸ்பேனர். அடுத்தது 8 மி.மீ. போல்ட், ஜப்பானிய வழியில் வந்த வண்டிகளில் அதன் தலை 12, மற்றவற்றில் 13. ஆக, இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டே வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் கணிசமானதை முடித்துவிடலாம். 6-7ஐயும் 20-22ஐயும் நான் வாங்கியது பெட்டியில் இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் போலிருக்கிறது.

கருவி எப்போது வாங்குவது என்று கேட்டால் என் பதில் இதுதான்: ஒரே வேலை ஒரு வருஷத்துக்குள் இரண்டாம் முறை வந்தால் வாங்குங்கள். முதல் முறை மெக்கானிக்கையோ பிளம்பரையோ கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள். கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை, பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவர் எந்த நம்பரை எடுக்கிறார், எங்கே ரிங் ஸ்பேனர் போடுகிறார், எந்த இடத்தில் தட்டித் தளர்த்துகிறார் என்று கண்ணால் பார்த்தபிறகு வாங்குகிற கருவி தவறுவதில்லை. வேலை தெரியாமல் கருவி வாங்குபவர்கள்தான் செட்டாக வாங்குவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

சில சாமான்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. கடை மூடிய பிறகு தேவைப்படுகிறவை அவை. டெஸ்டர், கட்டிங் பிளேயர், தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு ஸ்க்ரூடிரைவர், பத்து அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர், ஒரு டெஃப்லான் டேப், ஒரு நல்ல டார்ச். குடிபோன அன்றே இவை வீட்டில் இருக்கவேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குழாய் பிய்த்துக்கொண்டால் எந்த ஹார்டுவேர் கடையும் திறந்திருக்காது.

சித்திரை வெயிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும். சாதாரண சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், பழையதன்மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே அளவு வாங்கினால் போதும். ஃபேன் தண்டின் மேலே கிண்ணம் போல இருக்கும் மூடியை இறக்கினால் தெரியும். கண்டென்சர் நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். வேண்டிய கருவி ஸ்க்ரூடிரைவரும் டெஸ்டரும்தான். புதிதாக வந்திருக்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்த வைத்தியம் கிடையாது. அதற்குள் இருப்பது சர்க்யூட் போர்டு, கம்பெனி ஆளிடம் விட்டுவிடுங்கள்.

டெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் குட்டி நியான் விளக்கு எரிவதற்கான மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அளவு மிகமிகக் குறைவு என்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. கனமான ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் ஏறி நின்றால் விளக்கு மங்கலாகத் தெரியலாம், பகல் வெளிச்சத்தில் தெரியாமலே போகலாம். அதனால் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரில் கை வைக்காதீர்கள். முதலில் மின்சாரம் வருவது தெரிந்த பிளக் பாயிண்டில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு எம்.சி.பி.யை இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். கரண்ட் போயிருக்கிறதே என்று ஃபேனில் கை வைத்தவருக்கு இன்வெர்ட்டர் லைன் ஷாக் கொடுத்த கதை எல்லாத் தெருவிலும் ஒன்று உண்டு.

அடுத்தது குழாய். சொட்டுகிற குழாய்க்குப் புதுக் குழாய் மாற்றுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. பழைய திருகு குழாய் என்றால் வாஷர் மாற்றினாலே போதும். கால் சுற்றில் மூடுகிற இப்போதைய குழாய் என்றால் உள்ளே ஸ்பிண்டில் இருக்கும். அதன் செராமிக் வில்லை தேய்ந்திருக்கும். டேங்க் கேட் வால்வை மூடிவிட்டு, கைப்பிடியைக் கழற்றி, ஸ்க்ரூ ஸ்பேனரால் ஸ்பிண்டிலைத் திருகி எடுங்கள். அதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பல்லின் எண்ணிக்கை மாறும் என்பதால் வாயால் சொல்லி வாங்கினால் சேராது. பிளம்பர் வைத்திருக்கும் பைப் ரிஞ்சைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதன் பற்கள் இரும்புப் பைப்பைக் கடிப்பதற்கானவை. பளபளப்பான குழாயில் வைத்தால் தழும்பு நிரந்தரம். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

பைக்குக்கு வருவோம். எதையும் வாங்குமுன் உங்கள் வண்டியின் சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ பாருங்கள். பல வண்டிகளில் பிளக் ஸ்பேனரும் இரட்டைத் தலை ஸ்க்ரூடிரைவரும் ஒரு சின்னப் பையில் இருக்கும். வண்டி வாங்கி ஐந்து வருஷம் ஆகியும் அந்தப் பையைத் திறந்தே பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட் வாங்கி வைக்கலாம். நெடுந்தூரம் போகிறவர்கள் வாங்கத்தான் வேண்டும். ஆணி குத்தியிருந்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். அது அடைப்பாக நின்று காற்றை மெதுவாகத்தான் விடும், மெல்ல ஓட்டிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடலாம். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டாலும் பயனில்லை. டியூப் டயருக்கு டயர் லீவர் வாங்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. பஞ்சர் கடைக்காரர் கால் மணி நேரத்தில் முடிப்பதை நாம் அரைநாள் செய்து, கடைசியில் லீவர் முனையால் டியூபில் இன்னொரு ஓட்டை போட்டிருப்போம்.

எஞ்சின் ஆயில் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். அதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளித் தள்ளுபடியில் நாற்பத்தாறு உருப்படி கொண்ட சாக்கெட் பெட்டி வாங்கினேன். மூடியைத் திறந்தால் நகைக்கடை போல இருக்கும். என் வண்டியின் ஆயில் டிரெய்ன் போல்ட் 17. அதை ஒழுங்காகக் கழற்றிவிட்டேன். மாட்டும்போது ஆயில் ஒழுகுமோ என்ற பயத்தில் நீளக் கைப்பிடியைப் போட்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். திடீரென்று கைக்கு லேசாகிவிட்டது. போல்ட் இரும்பு, எஞ்சின் உடம்பு அலுமினியம். மரை போயிற்று. லேத்துக்காரரிடம் போய்ப் புது மரை போட்டுவந்த செலவில் நாலைந்து முறை ஆயில் மாற்றியிருக்கலாம்.

எங்கள் தெரு மெக்கானிக் வண்டியைப் பார்த்துச் சிரித்தார். “இறுகிடுச்சுன்னு கைக்குத் தெரிஞ்சதும் விட்டுடணும் சார். அதுக்கு மேல ஒழுகுதுன்னா போல்ட்டுல தப்பில்ல, வாஷர மாத்தணும்.” பத்து ரூபாய் வாஷர். டார்க் ரிஞ்ச் என்று அளந்து முறுக்கும் கருவி ஒன்று உண்டு. தவறாமல் வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு அது வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பது மலிவு.

சில கருவிகளின் காலமே முடிந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஐட்லிங்கை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். இப்போது கோளாறு கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும், அது சர்வீஸ் சென்டர் சமாசாரம். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்த ஸ்க்ரூடிரைவர் இன்னும் பயன்படும்.

வீட்டுக்குள் எல்லோரும் அவசரப்பட்டு வாங்குவது டிரில் மெஷின். 2,000 முதல் 3,000 ரூபாய்க்கு வீட்டு உபயோக மெஷின் கிடைக்கிறது. புது வீட்டில் ஒரே நாளில் பத்துப் பதினைந்து ஓட்டை போடுவோம். அதன்பிறகு? வருஷத்துக்கு ஒரு காலண்டர் ஆணி. அதுவும் செங்கல் சுவரில்தான் அந்த மெஷின் நன்றாகப் போகும். கான்கிரீட் தூணிலும் கூரையிலும் வைத்தால் பிட் சிவக்கக் காய்ந்துபோகுமே தவிர ஓட்டை விழாது, அதற்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். போடவேண்டிய ஓட்டைகளையெல்லாம் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு ஒரே நாளில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே என் யோசனை. அபார்ட்மெண்டில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கிச் சங்க அறையில் வைத்தால் இன்னும் நல்லது. பிட் மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளட்டும், ஏனென்றால் இரவல் பிட் மழுங்காமல் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

எதில் காசு பார்க்கக்கூடாது? டெஸ்டரில், கட்டிங் பிளேயரில், ஸ்க்ரூடிரைவரில். முதல் இரண்டும் கரண்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பவை. மட்டமான ஸ்க்ரூடிரைவரின் முனை ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். ஒரு முறை தலை மழுங்கிவிட்டால் அந்த ஸ்க்ரூவை எடுக்க டிரில்தான் போடவேண்டும். ஜப்பானிய வழி பைக்குகளில் வரும் நட்சத்திர ஸ்க்ரூவின் குழி, தச்சு வேலையில் வரும் நட்சத்திர ஸ்க்ரூவிலிருந்து சற்று வேறுபட்டது. அதில் சாதாரண ஸ்க்ரூடிரைவர் மேலே எழும்பி வழுக்கும். தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அந்த ரகம் என்று தெரிந்துகொள்ளலாம். முனை சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள்.

ஸ்பேனரிலும் இரண்டு ரகம் உண்டு. வாய் திறந்த ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களைத்தான் பிடிக்கும். ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். இறுகிக் கிடக்கும் நட்டில் ஓப்பனைப் போட்டு இழுத்தால் மூலை மழுங்கிவிடும். அதனால் தளர்த்துவதற்கும் கடைசியாக இறுக்குவதற்கும் ரிங், நடுவில் சுற்றி எடுப்பதற்கு ஓப்பன். ஒரு முனை ரிங்கும் மறுமுனை ஓப்பனுமாக ஒரே நம்பரில் வருவதும் உண்டு. லூஸில் வாங்குகிறவர்களுக்கு அதுதான் தோது. ஹார்டுவேர் கடையில் “12 நம்பர் மட்டும் கொடுங்க” என்றால் கொடுப்பார்கள், செட்டாகத்தான் எடுக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

என் பிஸ்கட் டின்னுக்கும் அந்த ‘இரண்டாம் முறை’ கணக்கைப் போட்டுப் பார்த்தேன். செயினை இழுத்து வைப்பதற்காக இந்த வருஷம் மெக்கானிக்கிடம் இரண்டு முறை போயாயிற்று. என் வண்டியின் பின் ஆக்சில் நட் 19. டின்னில் 18-19 இருக்கிறது. ஆனால் அது ஓப்பன் ஸ்பேனர், அந்த இறுக்கத்துக்கு ஆகாது. எட்டு உருப்படி கொண்ட முழு செட் வீட்டில் இருக்க, 19ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்றை லூஸில் வாங்க ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன்.