பழைய ஜீப்பும் பேரேடும்



சென்ற ஆயுத பூஜையன்று கீழமாசி வீதிக் கடையில் தராசுக்கும் படிக்கும் பொட்டு வைத்து முடித்து, வாசலில் நின்ற ஜீப்புக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். என் மூத்த மகன் கேட்டான்: “அப்பா, இதுக்கு இன்னும் எத்தனை வருஷம் பூஜை போடப் போறீங்க? காயலான் கடையில நல்ல விலைக்குக் கேக்குறாங்க.” நியாயமான கேள்விதான். வியாபாரி எதையும் கணக்குப் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலரிடம் இப்படி ஒரு பழைய வண்டி கிட்டங்கி ஓரத்தில் நிற்கிறது. அவர்களுக்காக என் கணக்கை இங்கே விரிக்கிறேன்.

வண்டியின் பூர்வீகம்

எங்கள் வண்டி மஹிந்திரா எம்.எம். 540. 1986-ல் என் தகப்பனார் வாங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்கர்கள் செய்த வில்லிஸ் ஜீப்தான் இதன் மூலம். 1945-ல் மஹிந்திரா சகோதரர்கள் இருவரும் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பாகம் பிரிந்தபின் கூட்டாளி பாகிஸ்தான் சென்று அங்கே முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்றானது. எங்கள் வண்டியில் இருப்பது பிரான்சு நாட்டுப் பெஜோ கம்பெனியின் வடிவமைப்பில் வந்த 2112 சிசி டீசல் எஞ்சின்.

பணக்கார நாடுகளில் இதே காரியத்துக்கு மெத்தை இருக்கையோடு ஒரு வண்டி செய்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் வந்த ரேஞ்ச் ரோவர் அது. 3.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எந்நேரமும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை. முதல் தலைமுறை வண்டியை 1996 வரை செய்தார்கள். 2008 முதல் அந்தக் கம்பெனி நம் டாடா வசம் இருக்கிறது. வெளித்தகடு பெரும்பகுதி அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்று நினைப்பார்கள். உள்ளே சேசிஸ் இரும்புதான்; அது துருப்பிடிக்கும். இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமும் அரித்துப்போகும். சீமான் வண்டியானாலும் நம் வண்டியானாலும் வியாதி ஒன்றுதான்.

கரிசலும் மலையும்

எங்கள் தொழில் வத்தல், மல்லி, ஏலக்காய். ஐப்பசி, கார்த்திகையில் கமுதி, முதுகுளத்தூர், விளாத்திகுளம் பக்கம் பயிர் பார்க்கப் போவோம். மழை நனைந்த கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் மாட்டு வண்டியே நகராது. அங்கே சிறு லீவரைப் போட்டு, முன் சக்கரத்தையும் சேர்த்து, லோ கியரில் விட்டால் சாதாரண கியரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு இழுவை கிடைக்கும். ஆனால் தார் ரோட்டுக்கு ஏறியதும் அதை எடுத்துவிட வேண்டும். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் முறுக்கேறி கியர் பெட்டியைக் கடித்துவிடும். மாறாக, வருஷம் முழுக்கப் போடாமலே விட்டாலும் உள்ளே எண்ணெய் பரவாது. மாதம் ஒரு முறை மண் பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டுவது நல்லது.

நாற்பது ரூபாய் மிச்சம்

1993-ல் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஏலக்காய் சீசன். “முதலாளி, பிரேக் பெடல் மெத்துன்னு போகுது” என்று டிரைவர் அண்ணன் இரண்டு முறை சொன்னார். சீசன் முடியட்டும் என்று தள்ளினேன். மூன்றாம் முறை சொன்னதும் பிரேக் சிலிண்டர் ரப்பர் கிட் வாங்கினேன். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் 40 ரூபாய் குறைவு. குறைவானதையே வாங்கினேன். போலி ரப்பர் பிரேக் எண்ணெயில் ஊறி உப்பிப்போயிருக்கிறது. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த இறக்கத்தில், பாதி வழியில் பெடல் தரையைத் தொட்டது. அண்ணன் பதறவில்லை. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச் சுவரில் உரசி நிறுத்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கீறல்கூட இல்லை. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

பேரேட்டில் ஜீப்புக்குத் தனிப் பக்கம் உண்டு. “பிரேக் கிட், மிச்சம் ரூ. 40” என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்குக் கீழே ஆஸ்பத்திரிச் செலவு, டிங்கர் வேலை, ஆறு வாரச் சம்பளம் எல்லாம் சேர்த்து ரூ. 7,300. பணம் ஈடாகிவிட்டது. அண்ணனின் மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்புவதில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும்

பிரேக்: எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினால் மெதுவாகப் பெடலை மிதித்துக்கொண்டே சிறிது தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்துங்கள்.

கிரவுன் எண்ணெய்: கண்மாய் ஓடையில் இறங்கியபின் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது; உடனே மாற்ற வேண்டும்.

கிராஸ், பட்டை: கியர் போட்டதும் அடியில் ‘டக்’ என்று கேட்டால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். கிரீஸ் அடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டை மாற்றினால் சில நாள் ஓடியபின் யு போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ரேடியேட்டர்: நம் ஊர்ப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றினால் உள்ளே காரை படிந்து, சித்திரை வெயிலில் எஞ்சின் கொதிக்கும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள்.

டீசல்: ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது இறக்கிவிடுங்கள். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் பம்ப் கடைக்கு ஓடுமுன் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள்.

துரு: உப்பு மூட்டை, புளி மூட்டை ஏற்றினால் அன்றே கழுவி உலர்த்துங்கள். மேலே பெயின்ட் அடித்து அழகு பார்ப்பதைவிட, அடியில் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது முக்கியம்.

உதிரி பாகம் கிடைக்கிறதா என்று கேட்பீர்கள். புதியது பலவும் கிடைக்கிறது. பழையதற்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் பிரேக், ஸ்டீயரிங் சாமான்களை மட்டும் பழையதாகவோ பில் இல்லாமலோ வாங்காதீர்கள். போலிச் சரக்கால் நம் கடைப் பெயர் கெடுகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். வாங்கும் இடத்தில் நாமே பில் வேண்டாம் என்றால் எப்படி?

சட்டமும் கணக்கும்

சொந்த வண்டிப் பதிவு 15 ஆண்டு. பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் நான் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, 20 ஆண்டு கடந்த கார், ஜீப்புக்கு 10,000. எனக்கு அடுத்த கெடு 2026. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு முறை வந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி உபயோகத்துக்கோ தொழிலுக்கோ ஓட்ட முடியாது. நம் போன்றவர்களுக்கு அது சரிப்படாது.

சரக்கு ஏற்ற இப்போது மினி லாரி இருக்கிறது. ஜீப்பால் லாபம் என்று பொய் சொல்ல மாட்டேன். சென்ற வருஷம் இன்சூரன்சும் சேர்த்து 38,000 செலவு. எங்கள் மெக்கானிக் பாய்க்கு எழுபது வயது நெருங்குகிறது. எஞ்சின் சத்தத்தை வைத்தே குறை சொல்பவர். அவர் மகன் புதுக் கார் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் பார்த்து வேலை செய்கிறான். பாய்க்குப் பின் யார் என்பதே பெரிய செலவு.

மகனிடம் இப்படிச் சொன்னேன்: “இன்னும் ஒரு தடவை புதுப்பிப்போம். பிரேக் சாமான் நம்பி வாங்க முடியாத அன்னைக்கு நானே வித்துடுவேன். அதுவரைக்கும் மாசம் ஒரு நாள் நீ பாய் பட்டறையில உக்காந்து கத்துக்கணும்.” அவன் பேரேட்டை வாங்கி அந்த 1993-ஆம் வருஷப் பக்கத்தைப் படித்தான். பிறகு ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை டிரைவர் அண்ணன் வழக்கம்போல வந்தார். வேலையிலிருந்து நின்று பல வருஷமானாலும் ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது அவர்தான். வலது கையால் உடைத்தார். ஜீப்பின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது என் மகன்.