கொல்லிமலையில் கேம்பிங் பிளானா? நீங்கள் டென்ட் போடப்போவது ஒரு தீவில்!

மொபைலில் மேப்பைத் திறந்து, நாமக்கல்லை நடுவில் வைத்து, சாட்டிலைட் வியூவுக்கு மாற்றிப் பாருங்கள். பழுப்பும் வெளிர்பச்சையுமாக விரிந்து கிடக்கும் சமவெளி. அதில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கரும்பச்சை. வடக்கே சேலத்தைத் தாண்டி சேர்வராயன் மலை, கிழக்கே கொல்லிமலை, அதையும் தாண்டினால் பச்சைமலை, வடகிழக்கே கல்வராயன். கடலில் தீவுகள் சிதறிக் கிடப்பதுபோலவே இருக்கும்.

பார்வைக்கு மட்டும் அப்படி இல்லை. உயிரியல் ஆய்வாளர்கள் இப்படித் தனித்து நிற்கும் மலைகளை ‘ஸ்கை ஐலண்ட்’, அதாவது வானத்தீவு என்றே அழைக்கிறார்கள். அந்தமானுக்கு டிக்கெட் விலை பார்த்துவிட்டு, “சரி, இந்த வீக்எண்ட் கொல்லிமலைக்கே போயிடலாம்” என்று முடிவெடுக்கும் சேலம், நாமக்கல் பசங்களும் ஒரு தீவுக்குத்தான் போகிறார்கள். என்ன, கப்பலுக்குப் பதிலாக 70 கொண்டை ஊசி வளைவுகள்.

கடல் எங்கே?

இங்கே கடலின் வேலையைச் செய்வது வெயில். உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறையும். நாமக்கல் சமவெளி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 200 மீட்டரில் இருக்கிறது. கொல்லிமலையின் மேல்தளம் 1,000 முதல் 1,300 மீட்டர். அடிவாரமான காரவள்ளியில் வியர்த்துக்கொண்டே வண்டியை முறுக்கியவர், ஒரு மணி நேரத்தில் சோளக்காட்டில் ஜெர்க்கின் தேடுவது இதனால்தான். பூமிப்பந்தில் இது வெப்பமண்டலப் பகுதிதான். ஆனால் மலைமேல் ஏறிவிட்டால் கிட்டத்தட்ட துணை வெப்பமண்டலக் காடு ஒன்றின் குளிர்.

இந்த ஜில் நமக்கு ஜாலி. மேலே வாழும் சில உயிர்களுக்கோ அதுதான் எல்லை. கீழே இறங்கினால் சூடு தாங்காது. பக்கத்து மலைக்குப் போகலாம் என்றால் நடுவில் கடல்போல சமவெளி. அதனால் அவை தத்தம் மலையிலேயே அடைபட்டு, தலைமுறை தலைமுறையாகத் தனி வழியில் மாறிக்கொண்டே போகின்றன.

ஒரு பல்லியின் கதை

இதற்கு ஆதாரம் கேட்டால், விரல் நீளத்துக்கு ஒரு பல்லியைக் காட்டலாம். நம் வீட்டுச் சுவரில் ட்யூப்லைட் பக்கத்தில் காத்திருக்கும் பல்லி இல்லை. ஒல்லியான உடம்பு, குட்டையான கால், இரவில் மட்டும் நடமாடும் மலைப்பல்லி. ‘ஹெமிஃபில்லோடாக்டைலஸ்’ என்ற பேரினம். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, பல்லி என்றே வைத்துக்கொள்வோம்.

1870-ல் பெட்டோம் என்ற ஆங்கிலேய வன அதிகாரி, சேர்வராயன் மலையில் கிடைத்த இந்தப் பல்லிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன்பிறகு ஏறக்குறைய 150 ஆண்டுகள், தென்னிந்திய மலைகளில் இந்தக் குடும்பத்துப் பல்லி எங்கே தென்பட்டாலும் அது ஏற்காட்டுப் பல்லிதான் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன!

2019-ல் இஷான் அகர்வால், அக்ஷய் காண்டேகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மலை மலையாகச் சேகரித்த மாதிரிகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். ஒரே இனம் என்று நினைத்தது ஏறத்தாழ ஒரு டஜன் இனங்களாகப் பிரிந்து நின்றது. அவை பிரிந்தது நேற்று முன்தினம் அல்ல, மில்லியன் கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு. அந்த ஆய்வில் மூன்று இனங்களுக்குப் புதிதாகப் பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று ‘கொல்லியென்சிஸ்’, நம் கொல்லிமலையின் பெயர்.

ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் நேர்கோட்டில் அளந்தால் சுமார் 60 கிலோமீட்டர். காலையில் ஏற்காட்டில் டீ குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கொல்லிமலை போய்விடலாம். பல்லிக்கு அந்த தூரம் முடியவே முடியாத தூரம்.

தீவு என்றால் அழகோடு ஒரு பலவீனமும் சேர்ந்தே வரும். பெரிய காட்டில் ஒரு மூலை எரிந்தால் மறுமூலைக்கு ஓடலாம். தீவில் மறுமூலை கிடையாது. வெப்பம் ஏற ஏற மேலே நகரலாம் என்றால், கொல்லிமலையின் உச்சியைத் தாண்டி ஏற இடம் ஏது?

தீவுக்கு ஆள்கள் உண்டு

இது ஆளில்லாத தீவு இல்லை. மலையாளி பழங்குடியினர் தலைமுறைகளாக வாழும் ஊர்கள் நிறைந்த மலை. (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ்.) வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என ஊராட்சிகளின் பெயரே நாடு நாடாக இருக்கும். கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை என்பது பள்ளிப் பாடத்திலேயே படித்ததுதான்.

இந்த மலைக்கும் சமவெளிக்கும் ஒரு தட்டுத் தொடர்பும் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், கிழங்குக்குக் கையில் காசு வரும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கும் வேலையில் இறங்கியது இதனால்தான். இன்று சோளக்காடு சந்தையில் மிளகு, அன்னாசி, பலா, மலைவாழை எல்லாம் வாங்கலாம். கூடவே ஒரு கிலோ சாமை வாங்கினால், அந்தப் பயிரை விடாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு நேரடியாகக் காசு போகும். டென்ட் வாடகைக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது.

சரி, டென்ட் எங்கே போடலாம்?

காட்டுக்குள் கூடாது. இதில் ‘கொஞ்சம் உள்ளே போய் யாருக்கும் தெரியாம’ என்ற பேச்சுக்கே இடமில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. ஆன்லைனில் பதிவு செய்யலாம், வழிகாட்டி கூடவே வருவார்.

டென்டுக்கு, பட்டா நிலத்தில் தோட்டமோ தங்கும் விடுதியோ நடத்துபவர்களிடம் கேட்பதுதான் சரியான வழி. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்க, நடுவில் காபிச் செடிகளோடு இரவு கழிவதும் நல்ல அனுபவம்தான்.

கேம்ப்ஃபயர் இல்லாமல் கேம்பிங்கா என்று கேட்பவர்கள், பிப்ரவரியில் இருந்து மே வரை அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. மலைச்சரிவில் இருப்பது இலையுதிர் காடு. அந்த மாதங்களில் கீழே கிடப்பது முழுக்கக் காய்ந்த சருகு, ஒரு பொறி போதும். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி போவதற்குச் சரியான நேரம்; குளிரும் பனிமூட்டமும் கேரண்டி. ஆடிப்பெருக்கை ஒட்டி ஓரி விழா நடக்கும்போது கூட்டம் அள்ளும். அமைதி தேடுபவர்களுக்கு அது சரிப்படாது.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது செல்ஃபி, ஏறும்போது மூச்சு. சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழுவது ஐயாறு. அருவிக்கு மேலே, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஓடும் இதே தண்ணீரில் இருக்கும் மீன்களை ஊர்க்காரர்கள் பிடிப்பதில்லை, சாமியாகவே பார்க்கிறார்கள், பொரி போடுகிறார்கள். ஓடையில் ஷாம்பூ போட்டுக் குளித்தால் அந்த நுரை போய்ச் சேரும் இடம் இந்த மீன்களும், மலைக்கு அந்தப் பக்கம் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையும்.

அந்தப் பல்லியைப் பார்க்க வேண்டுமா? இரவு எட்டு மணிக்கு மேல், பாட்டு சத்தத்தை நிறுத்திவிட்டு, தங்கும் இடத்தைச் சுற்றியுள்ள பாறையிலும் மரப்பட்டையிலும் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாகத் தேடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் தென்படும். ஃப்ளாஷ் வேண்டாம், கையில் பிடிக்கவும் வேண்டாம்.

மேலே கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட்டும் பாட்டிலும் உங்கள் பையிலேயே கீழே இறங்கட்டும். இறங்கும்போது செகண்ட் கியர், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நில்லுங்கள்.