வரிசை என்றொரு வாக்குறுதி

'சோம்பல்' நம்மிடையே வசைச்சொல். கணினி நிரலாக்கத்திலோ அது ஓர் உத்தியின் பெயர். கேட்கும்வரை எதையும் கணக்கிடாதே. கேட்டதை மட்டும் கொடு. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம். பீட்டர் லாண்டின் 1965இல் 'ஓடைகள்' என்று முன்வைத்த இக்கருத்து, 1976இல் ஃபிரீட்மன்-வைஸ், ஹென்டர்சன்-மோரிஸ் ஆகியோரின் இரு கட்டுரைகளில் வலுப்பெற்றது. 2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழியில் இது அன்றாடப் புழக்கம்.

குளோஜர் ஜாவாவின் மேல் இயங்குவது. ஜாவாவில் ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தைத் திறந்து, 'கவிதை' என்று குறியிட்ட பகுதிகளைக் கேட்டால் 'நோட்லிஸ்ட்' என்றொரு பட்டியல் கிடைக்கும். அது இரண்டே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லும்: மொத்தம் எத்தனை? இந்த எண்ணுள்ள இடத்தில் இருப்பது எது? 'அடுத்தது எது?' என்றால் அதற்குத் தெரியாது. வரிசை என்பதோ 'அடுத்தது' என்கிற கேள்வியால் ஆனது. ஆகவே அதை நாம்தான் கட்டவேண்டியிருக்கிறது.

கட்டுவது எளிது. ஒரு சார்புக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். எண் மொத்தத்தைவிடச் சிறியதா? அந்த இடத்து உறுப்பை எடுத்துத் தலையாக வை. வாலுக்குப் பதில், 'எண்ணோடு ஒன்று கூட்டி என்னையே மறுபடி கூப்பிடு' என்கிற வாக்குறுதியை வை. சிறியதில்லையா? வரிசை முடிந்தது. பூஜ்யத்தில் தொடங்குகிறோம். அவ்வளவுதான். ஒருமுறை எடுத்த உறுப்பை வரிசை நினைவில் வைத்துக்கொள்ளும். திரும்பப் போய்க் கேட்காது.

சிக்கல் இங்கேதான். நோட்லிஸ்ட் ஆவணத்தின் நகல் அல்ல. ஆவணம் மாறினால் அதுவும் மாறும் என்பது 1998ஆம் ஆண்டுத் தரவரையறையிலேயே இருக்கிறது. 100 கவிதைகள் உள்ள தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 30 கவிதைகள் படித்தாயிற்று. இடையில் யாரோ முதல் பத்தை நீக்கிவிடுகிறார். மிச்சமெல்லாம் பத்துப் பத்து இடம் முன்னே நகர்கின்றன. அடுத்து நாம் கேட்கும் இடத்தில் இருப்பது பழைய 41ஆவது கவிதை. 31 முதல் 40 வரை நம் கண்ணிலேயே படாது. நீக்கப்பட்ட பத்தோ நம் வரிசையில் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் எண்ணிப் பார்த்தால் 90. ஆவணத்திலும் 90. கணக்கு சரி! பிழைச்செய்தி கிடையாது. யாரும் நீக்காமலே பத்துக் கவிதைகள் வாசிப்பிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஒரே வரிசைக்குள் இரண்டு காலங்கள் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன.

குற்றம் சோம்பலுடையதல்ல. எண்ணைக் கொடுத்தால் வர்க்கத்தைத் தரும் சார்பு இன்றும் நாளையும் ஒரே பதிலைத்தான் தரும். அதன்மீது முடிவற்ற வரிசையையே தாராளமாகக் கட்டலாம். அசையும் மூலத்தை அசையாதது என்று நாம் பாவித்துக்கொண்டதே பிழை. மூலத்தில் யாராவது கைவைக்கக்கூடும் என்றால், சோம்பலைக் கைவிட்டு முதலிலேயே முழுவதையும் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும்தான். ஆனால் எந்த நேரத்து ஆவணத்தைப் படித்தோம் என்று நம்மால் சொல்ல முடியும். சோம்பல் வரிசையை நம்பியவரால் அதைச் சொல்ல முடியாது. அவர் படித்த 90 கவிதைகள் எந்த நேரத்திலும் ஒரே ஆவணத்தில் அப்படி இருந்ததேயில்லை.