படத்தில் உணர்ச்சியைப் படிப்பது எப்படி? ரவிவர்மாவின் ‘சகுந்தலை’

படத்தைப் பார்த்துக் கருத்து எழுதச் சொன்னால், “அவள் சோகமாக இருக்கிறாள்” என்று ஒரே வரியில் முடித்துவிடும் மாணவர்கள் பலர். எதைப் பார்த்துச் சொன்னாய் என்று கேட்டால் பதில் வராது.

ராஜா ரவிவர்மா 1898-இல் தீட்டிய சகுந்தலை ஓவியத்தை ஐந்தாம் படிவ வகுப்பில் காட்டினேன். காட்டுப் பாதையில் சகுந்தலை தோழியின் தோளைப் பற்றியபடி, காலைத் தூக்கி முள் எடுப்பவள்போல் நிற்கிறாள். முகம் மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது. பலரும் ‘வலி’ என்று எழுதினர். ஒரு மாணவி, “இவள் நடிக்கிறாள்” என்று மட்டும் எழுதியிருந்தாள். காரணம் இல்லாததால் நான் புள்ளி கொடுக்கவில்லை. பிறகு கூப்பிட்டுக் கேட்டேன்.

“முள்ளு குத்துனா காலத்தானே டீச்சர் பாப்போம்? இவ பின்னாடி பாக்குறாளே!”

அசந்துபோனேன். சரியாகப் பார்த்திருக்கிறாள், பார்த்ததை எழுதத்தான் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்காதது என் குறை.

காளிதாசரின் நாடகத்திலும் இதே கதைதான். துஷ்யந்தனைப் பிரிய மனமில்லாத சகுந்தலை, காலில் தர்ப்பைப் புல் குத்திவிட்டது என்று சாக்குச் சொல்லி நிற்கிறாள். ஓவியத்தில் துஷ்யந்தன் இல்லை. அவள் பார்வையே அவன் இருப்பதைச் சொல்லிவிடுகிறது.

விடை எழுத மூன்று படிகள்:

1. கண்டது: கால், கை, முகம், பார்வை ஆகியவற்றை முதலில் எழுதுக.

2. உணர்ச்சி: தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகள் கைகொடுக்கும்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதே மெய்ப்பாடு. இங்கே தெரிவது காதல் உவகை.

3. குறியீடு: முள் என்றால் எப்போதும் துன்பம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தப் படத்தில் முள், வெளியே சொல்ல முடியாத ஆசைக்கு ஒரு சாக்கு.

மாதிரி விடை: ‘சகுந்தலை காலைத் தூக்கியிருந்தாலும் அவள் பார்வை காலில் இல்லை, பின்னால் செல்கிறது. எனவே, முள் வெறும் சாக்கு. காதலனை மீண்டும் காணும் ஆவலே அவளை நிறுத்தியது.’

ஆசிரியர்களே, ஒரு வரி விடையைத் தவறு என்று அடிப்பதற்கு முன், “எதைப் பார்த்து இப்படிச் சொன்ன?” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் விடை பிள்ளையின் வாயிலேயே இருக்கும்.